காட்டுத்தீக் காலத்துக்கு ஊரைத் தயார் செய்வது எப்படி: மலைக்கிராமங்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

பழனி மலை, நீலகிரி, மேகமலைப் பக்கம் காட்டோரம் வீடும் தோட்டமும் உள்ள ஊர்களுக்காக எழுதியது இது. நீங்கள் ஊராட்சி உறுப்பினராக இருக்கலாம், மகளிர் குழுத் தலைவியாக இருக்கலாம், அல்லது போன வருடம் எதிர்மலை எரிந்ததைப் பார்த்துப் பயந்து இந்த வருடம் ஏதாவது செய்யவேண்டும் என்று கிளம்பியவராக இருக்கலாம்.

தீ எப்படிப் பரவும் என்பது அரைமணி நேரத்தில் புரிந்துவிடும். ஆட்களைச் சேர்ப்பதுதான் இழுக்கும். புதிதாக இறங்குகிறவர்கள் பெரும்பாலும் வரிசையில்தான் தடுமாறுகிறார்கள். முதலில் அதிகாரியை அழைத்து ஒரு கூட்டம், அப்புறம் ஒரு வாட்ஸ்அப் குழு, கடைசியில்தான் வேலை. அதற்குள் மார்ச் வந்துவிடும், ஆளும் கலைந்துவிடும். கீழே உள்ள வரிசையில் கூட்டம் ஆறாவது இடத்தில் வருகிறது. அது தெரிந்தே வைத்ததுதான்.

தொடங்கும் முன் கையில் இருக்கவேண்டியவை கொஞ்சம்தான். உங்கள் பகுதி வனக்காப்பாளர், வனவர், வனச்சரகர் ஆகியோரின் கைப்பேசி எண்கள். கிராம நிர்வாக அலுவலரிடமிருந்து ஊர் வரைபடத்தின் நகல். பட்டா நிலம் எங்கே முடிகிறது, காப்புக்காடு எங்கே தொடங்குகிறது என்று அதில் தெரியவேண்டும். ஒரு நீள நோட்டு. பிறகு, ஊரில் எல்லாத் தெருவிலும் வீட்டுக்குள் உட்கார்ந்து டீ குடிக்கக்கூடிய ஒரு ஆள். அப்படி ஒருவர் கூட இல்லாவிட்டால் மற்ற மூன்றும் இருந்தும் பயனில்லை.

1. காலக்கணக்கை முதலில் போடுங்கள்

தமிழ்நாட்டு மலைகளில் தீக்காலம் பொதுவாகப் பிப்ரவரியில் தொடங்கி, கோடைமழை நன்றாக இறங்கும்வரை நீளும். அதனால் பிப்ரவரியில் ஆரம்பித்தால் போதும் என்று தோன்றும். போதாது.

அதே சமயம் நவம்பரிலேயே அரிவாளைத் தூக்கினால் அது வீண் வேலை. வடகிழக்குப் பருவமழை நிற்கும் முன் வெட்டிய புல், பொங்கலுக்குள் மறுபடி முழங்கால் உயரம் வந்து நிற்கும். ஆட்கள் "போன மாசம்தானே வெட்டினோம்" என்று சலித்துக்கொள்வார்கள். இரண்டாம் முறை கூப்பிட்டால் பாதிப்பேர் வரமாட்டார்கள்.

உயரத்தில் உள்ள ஊர்களில் டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழுந்து புல் கருகும். வெட்டுவதற்குச் சரியான நேரம் அதுதான். அதற்குப் பிறகு, பிப்ரவரி கடைசியில், இலையுதிர் மரங்கள் சருகு கொட்டிய பின் ஒரு முறை கூட்டிப் பெருக்கவேண்டும். ஆக, நவம்பரிலும் டிசம்பரிலும் நடையும் பேச்சும், ஜனவரியில் வெட்டு, பிப்ரவரி கடைசியில் இரண்டாம் சுற்று, மார்ச் முதல் மே வரை காவலும் தகவலும்.

கிராம சபையும் இதற்குத் தோதாக அமைந்திருக்கிறது. 2022 முதல் தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை என்று ஆக்கியதில் நவம்பர் 1 புதிதாகச் சேர்ந்தது. நவம்பர் 1 அன்று விஷயத்தைக் காதில் போட்டுவையுங்கள். ஜனவரி 26 அன்று தீர்மானமாக எழுதி வாங்குங்கள். தீர்மானம் ஏட்டில் ஏறிவிட்டால், பிறகு ஊராட்சிச் செயலரிடம் ஒரு டிராக்டர் கேட்பதற்கும் ஒரு கடிதம் கேட்பதற்கும் பிடிமானம் கிடைக்கும்.

2. யாரையும் கூட்டும் முன் எல்லையை நடந்து பாருங்கள்

நான்கைந்து பேர் போதும். ஆடு மாடு மேய்ப்பவர் ஒருவர், விறகு பொறுக்கப் போகும் அக்கா ஒருவர், காட்டை ஒட்டித் தோட்டம் வைத்திருப்பவர் ஒருவர், போனில் படம் எடுக்கத் தெரிந்த இளவட்டம் ஒருவர். வெயில் ஏறிய பிறகு கிளம்புங்கள். விடியலில் காட்டுமாடு தோட்டத்தை விட்டுப் போயிருக்காது.

முதல் நடைக்குச் சீருடை வேண்டாம். வனத்துறை ஆள் உடன் வந்தால், தீ வழக்கமாக எங்கே தொடங்குகிறது என்று யாரும் வாய் திறக்கமாட்டார்கள். மேய்ப்பவருக்கு எல்லாம் தெரியும். எந்த வளைவில் வண்டியை நிறுத்திக் குடிக்கிறார்கள், எந்தச் சரிவில் புதுப்புல் வரட்டும் என்று கொளுத்துகிறார்கள், யார் தோட்டக் கழிவை மதியத்தில் எரிக்கிறார். கேளுங்கள், நோட்டில் இடத்தை மட்டும் எழுதுங்கள். ஆள் பெயரை எழுதாதீர்கள். அந்த நோட்டு என்றைக்காவது வேறு கைக்குப் போகும்.

நடக்கும்போது மூன்றைப் பாருங்கள். ஒன்று, சரிவு. வெப்பம் மேலே ஏறுவதால் தீக்கு மேலே நிற்கும் புல் முன்கூட்டியே காய்ந்து சூடேறிவிடும். சரிவு 10 டிகிரி கூடினால் தீயின் வேகம் ஏறத்தாழ இரட்டிக்கும் என்பது தீயணைப்பவர்கள் வைத்திருக்கும் கணக்கு. பகலில் காற்றும் பள்ளத்திலிருந்து மேட்டுக்கு ஏறும். ஆகவே மேட்டில், புல் சரிவின் தலைப்பில் நிற்கும் வீட்டுக்குத்தான் முதல் கவலை. இரண்டு, எரிபொருள்: போதைப்புல் (சரிவுகளில் உயரமாக வளரும் ஒரு புல்), காய்ந்த பெரணி, உண்ணிச்செடிப் புதர், பைன் சருகு, யூக்கலிப்டஸ் பட்டை, சாய்ந்து கிடக்கும் சீகை (வாட்டில்) மரம். மூன்று, தண்ணீரும் வழியும்.

தண்ணீரில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. மலையில் பெரும்பாலான வீடுகளுக்கு ஓடையிலிருந்து கறுப்பு ஓஸ்பைப்பில்தான் தண்ணீர் வருகிறது. அந்தப் பைப் புல்லுக்குள்ளேயே கிடக்கும். தீ முதலில் உருக்குவது அதைத்தான். வீட்டுப் பக்கம் தீ வந்து சேரும்போது குழாயைத் திறந்தால் காற்றுதான் வரும். எந்தெந்த வீட்டுப் பைப் எந்தச் சரிவைக் கடக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். கடக்கும் இடங்களில் ஒரு சாண் ஆழத்தில் புதைப்பது, வீட்டருகே ஒரு டிரம் எப்போதும் நிறைந்திருப்பது, இந்த இரண்டும் பிறகு வேலைப் பட்டியலில் வரும்.

3. வனத்துறையோடு மூன்று விஷயத்தைப் பேசி முடியுங்கள்

ஊர்க்காரர்கள் ஒதுங்கி நிற்பதைப் பார்த்து "அக்கறை இல்லாத சனம்" என்று சொல்லிவிடுவது சுலபம். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால் வேறு காரணம் வரும். "நான் போன் பண்ணினா, நீதான் வச்சியான்னு கேட்பாங்க." 1882ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படி காப்புக்காட்டில் தீ வைப்பது குற்றம். பிரிவு எண் தெரியாவிட்டாலும் இது எல்லோருக்கும் தெரியும். புகையைக் கண்டவன் வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போவதற்கு இந்தப் பயம் ஒன்றே போதும். இதைத் தீர்க்காமல் எத்தனை விழிப்புணர்வுப் பலகை வைத்தாலும் முதல் போன் தாமதமாகத்தான் வரும்.

அதனால் வனச்சரகரை நேரில் பார்த்து முதலில் பேசவேண்டியது: தகவல் சொல்கிறவரைத் துருவக் கூடாது. இதற்கு எளிய ஏற்பாடு, ஊரில் இரண்டு பேரைத் தகவல் ஆட்களாக வைப்பது. பார்த்தவர் அவர்களிடம் சொல்வார், அவர்கள் வனத்துறைக்குச் சொல்வார்கள். பார்த்தவர் பெயர் அதற்கு மேல் போகாது. இதைச் சரகர் ஒப்புக்கொண்டால், அதை அவர் வாயாலேயே ஊரில் சொல்லச் செய்யுங்கள். நீங்கள் சொல்லி யாரும் நம்பப்போவதில்லை.

இரண்டாவது, எங்கே வெட்டலாம் எங்கே கூடாது. காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் அரிவாளோடு போனால், நல்லெண்ணத்தோடு போனாலும் வழக்குதான். எல்லைக்கு உள்ளே வேலை வேண்டுமென்றால் வனத்துறை ஆள் உடன் நிற்கவேண்டும், தேதி எழுத்தில் இருக்கவேண்டும். பட்டா நிலத்திலும் முழுச் சுதந்திரம் இல்லை. மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் 1955இல் வந்தது. மலைப்பகுதியாக அறிவித்த இடங்களில் சொந்த மரத்தை வெட்டவும் அனுமதி வாங்கவேண்டும். ஆகவே புல், புதர், சருகு என்று நிறுத்திக்கொள்ளுங்கள். "தீத்தடுப்பு" என்று சொல்லி நாலு மரத்தைத் தள்ளுகிற ஆளும் எல்லா ஊரிலும் உண்டு. அவரிடமிருந்து இந்த முயற்சியை ஆரம்பத்திலேயே தள்ளிவையுங்கள்.

மூன்றாவது, தீத்தடுப்புக் காவலர் வேலை. கோடையில் வனத்துறை தற்காலிகமாக ஆள் எடுக்கும் இடங்களில், உங்கள் ஊர் ஆட்களுக்கு அந்த வேலை கிடைக்குமா என்று கேளுங்கள். ஊரில் இரண்டு வீட்டுக்குக் கூலி வந்தால், மற்றவர்களும் இதை அரசாங்கத்தின் வேலை என்று ஒதுக்காமல் நம்மூர் வேலையாகப் பார்ப்பார்கள்.

4. இரண்டு பெயருள்ள ஒரு வரைபடம்

வனத்துறை காப்புக்காட்டுப் பெயரும் பீட் (ஒரு வனக்காப்பாளரின் காவல் பகுதி) பெயரும் சொல்லும். ஊர் "பெரியபாறைக்குக் கீழ, பழைய ஆட்டுப்பட்டி" என்று சொல்லும். தீ நாளில் இரண்டு தரப்பும் போனில் கத்திக்கொண்டிருக்கும், வண்டி வேறு பள்ளத்துக்குப் போகும்.

ஒரு சார்ட் தாளில் ஓடை, பாறை, கோயில், வளைவு, தண்ணீர்த் தொட்டி, தனி வீடுகள் எல்லாவற்றையும் வரைந்து, ஒவ்வொன்றுக்கும் ஊர்ப் பெயரும் துறைப் பெயரும் எழுதுங்கள். வனக்காப்பாளரை இப்போது கூப்பிடுங்கள். உட்கார்ந்து சேர்ந்து எழுதுகிற அந்த ஒரு மணி நேரம், பிறகு பத்துக் கூட்டத்துக்குச் சமம். தீயணைப்பு வண்டி எதுவரை வரும், எங்கே திரும்ப முடியும், எங்கே தண்ணீர் உறிஞ்ச முடியும் என்பதையும் குறியுங்கள். வண்டி திரும்ப இடமில்லாத தோட்டச் சாலையில் ஒரு வண்டி மாட்டிக்கொண்டால் பின்னால் வருவது எல்லாம் நின்றுவிடும்.

இந்திய வன ஆய்வு நிறுவனத்தின் தீ எச்சரிக்கைச் சேவையில் பொதுமக்களும் பதிவு செய்யலாம். செயற்கைக்கோள் கண்ட தீப்புள்ளி குறுஞ்செய்தியாக வரும். ஒருவர் பதிந்து வைத்தால் போதும். ஆனால் அதை நம்பி உட்காராதீர்கள். செயற்கைக்கோள் ஒரு நாளில் சில தடவைதான் மேலே கடக்கும். அதன் ஒரு புள்ளி என்பது தரையில் ஏறத்தாழ 375 மீட்டர் சதுரம், பழைய கருவியில் ஒரு கிலோமீட்டர். திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பாட்டி அதைவிட முன்னால் பார்த்துவிடுவார்.

5. முதல் வேலையை ஒரு வீட்டில் செய்து காட்டுங்கள்

ஊரில் மதிப்புள்ள ஒருவர் வீட்டைத் தேர்ந்தெடுங்கள். பெரிய பங்களா வேண்டாம். தகரக்கூரை, மாட்டுக்கொட்டகை, பின்னால் விறகு என்று எல்லோர் வீடு மாதிரியும் இருக்கவேண்டும். பார்க்கிறவருக்கு "நம்ம வீடும் இப்படித்தானே இருக்கு" என்று தோன்றினால்தான் பலன்.

காட்டுத்தீயில் வீடு பற்றுவது பெரும்பாலும் பறந்து வரும் கங்கால்தான். தீச்சுவர் வந்து மோதிப் பற்றுவது குறைவு. கங்கு விழுந்த இடத்தில் எரிய ஏதாவது இருக்கிறதா என்பதுதான் கேள்வி. இதைப் புரியவைக்கப் படமும் பேச்சும் வேண்டாம். கூரையின் தகரக் கால்வாயில் கையை விட்டு ஒரு பிடி பைன் சருகை எடுத்துக் காட்டுங்கள். வருடக்கணக்கில் சேர்ந்து, மேலே காய்ந்து, அடியில் மக்கி இருக்கும்.

சுவரிலிருந்து ஒன்றரை மீட்டர்வரை எரியக்கூடிய எதுவும் இருக்கக்கூடாது. தாழ்வாரத்தில் அடுக்கிய விறகு, காலி உரச்சாக்கு, புல் வெட்டும் இயந்திரத்துக்கு வாங்கிய பெட்ரோல் கேன், மடித்துப் போட்ட தார்ப்பாய். விறகை நகர்த்துவதில்தான் சண்டை வரும், குறிப்பாக மழைக்கு நனையாத இடம் அது ஒன்றுதான் என்பதால். தீக்காலத்தில் மழை குறைவு, பத்து மீட்டர் தள்ளி அடுக்கித் தகரம் போட்டு மூடினால் போதும் என்று சொல்லிப் பாருங்கள். அந்த வீட்டு அம்மாவிடம் சொல்லுங்கள்; விறகு எடுக்க நடப்பது அவர்தான், ஐயாவிடம் கேட்டு வாங்கிய சம்மதம் மறுநாள் செல்லாது.

அடுத்து ஒன்பது மீட்டர்வரை புல்லைக் குட்டையாக வெட்டி, மரத்தின் கீழ்க்கிளைகளை ஆள் உயரத்துக்குக் கழித்துவிடவேண்டும். தரைத்தீ புதரில் ஏறி, புதரிலிருந்து கிளைக்கு ஏறும். நடுப்படியை எடுத்துவிட்டால் ஏற வழியில்லை. மாட்டுத்தீவனப் போரையும் இந்த வட்டத்துக்கு வெளியே கொண்டுபோங்கள். ஓட்டுக்கூரையில் ஓரச் சந்துகள் இருந்தால் மண்ணோ சிமெண்ட்டோ வைத்து அடைக்கவேண்டும். காற்றோட்டத் துவாரத்துக்கு நைலான் வலை வேண்டாம், கம்பி வலை போடுங்கள்.

இங்கே எல்லோரும் செய்யும் தவறு: கூட்டிக் குவித்ததை அங்கேயே கொளுத்திவிடுவது. ஜனவரியில் தோட்டக் கழிவு எரிப்பதே பல தீயின் ஆரம்பம். குவிப்பதற்கு முன்பே எங்கே கொண்டுபோவது என்று முடிவு செய்துவிடுங்கள். பச்சைக் கழிவுக்கு உரக்குழி. பைன் சருகு சீக்கிரம் மக்காது. மாட்டுக்கொட்டகையில் படுக்கையாகப் போட்டு, சாணத்தோடு சேர்த்து எருவாக்கலாம்.

வேலைக்கு முன்னும் பின்னும் ஒரே இடத்தில் நின்று படம் எடுக்கச் சொல்லுங்கள். அடுத்த கட்டத்தில் அதுதான் பேசும்.

6. இப்போது கூட்டம் போடுங்கள்

மேடை வேண்டாம், பேனர் வேண்டாம். சந்தை நாளையும் மகளிர் குழுக்கள் தவணை கட்டும் நாளையும் தவிர்த்து, வேலை முடிந்து ஆட்கள் வீடு திரும்பிய பிறகு வையுங்கள். ஏற்கனவே கூடும் கூட்டத்தில் நுழைவது இன்னும் நல்லது. குழுக்கூட்டத்தில் கால் மணி நேரம் கிடைத்தால் தனிக்கூட்டம் தேவையே இல்லை.

"காட்டைக் காப்போம்" என்று ஆரம்பிக்காதீர்கள். காப்புக்காடு வனத்துறையுடையது என்பது ஊரின் நினைப்பு, அது சட்டப்படியும் சரிதான். அவரவருடைய பேரிக்காய் மரம், காபிச்செடி, மாடு, ஓஸ்பைப், கூரை என்று பேசுங்கள். காடு தானாக உள்ளே வரும்.

கேட்பதைச் சின்னதாக, தேதியோடு, பெயர் சொல்லிக் கேளுங்கள். "எல்லோரும் ஒத்துழைக்கணும்" என்றால் எல்லோரும் தலையாட்டுவார்கள், யாரும் வரமாட்டார்கள். "அண்ணே, வர்ற ஞாயித்துக்கிழமை காலையில மம்பட்டியோட ரெண்டு மணி நேரம், கோயில் வளைவுலேர்ந்து உங்க தோட்டம் வரைக்கும். வருவீங்களா?" என்றால் ஆமாம் அல்லது இல்லை என்று பதில் வந்தே தீரும். இல்லை என்றாலும் நல்லதுதான், கணக்கு தெரிந்துவிடும்.

வீட்டுக்கு ஒரு வேலை என்று நோட்டில் எழுதுங்கள். மலை ஏற முடியாதவருக்கும் வேலை உண்டு. சரிவைப் பார்த்த திண்ணை உள்ள வீட்டுத் தாத்தா மதியம் புகை பார்ப்பார். ஜீப் வைத்திருப்பவர் முதியவர்களை ஏற்றுவார். ஒருவர் வீட்டில் மண்வெட்டியும் அரிவாளும் சேர்த்து வைக்கப்படும். டீக்கடைக்காரர் வேலை நாளில் டீ போடுவார். பள்ளிப் பிள்ளைகளிடம் வீடு வீடாகப் போய்த் தாழ்வார விறகை எண்ணச் சொன்னால், மறுவாரம் பாதி விறகு தானாக நகர்ந்திருக்கும்.

கூலியைப் பற்றி வெளிப்படையாகப் பேசுங்கள். நாள் கூலிக்குப் போகிறவர் உங்களுக்காக ஒரு நாளை விட்டால் அன்று அந்த வீட்டில் அடுப்பு யோசிக்கும். ஞாயிறில் வையுங்கள், இல்லாவிட்டால் நிலம் உள்ளவர்களிடம் வசூலித்துக் கூலி கொடுங்கள். பக்கத்தில் பளியர் பழங்குடிக் குடியிருப்பு இருந்தால் இது இன்னும் முக்கியம். காட்டை அவர்களைப் போல அறிந்தவர்கள் கிடையாது. அதனாலேயே இலவசமாக வேலை வாங்கும் பழக்கமும் இருக்கிறது. திட்டம் போடும்போது கூப்பிடுங்கள், வேலைக்குக் காசு கொடுங்கள்.

7. கூட்டத்துக்கு வராதவர்கள்

பெரிய ஓட்டை இங்கேதான். மலையில் நிலம் வாங்கிவிட்டு மதுரையிலோ சென்னையிலோ பெங்களூரிலோ இருப்பவர்களின் இடம் ஆள் உயரப் புல்லோடு கிடக்கும். இரண்டு பக்கத்துத் தோட்டக்காரர்கள் எவ்வளவு வெட்டினாலும் நடுவில் திரி மாதிரி அது நீளும்.

காவல்காரர் மூலம் உரிமையாளர் எண்ணை வாங்குங்கள். திட்டி எழுதாதீர்கள். புல்லோடு இடத்தின் படம் ஒன்று, வெட்டிய பக்கத்துத் தோட்டப் படம் ஒன்று, வெட்டுக்கூலி இவ்வளவு ஆகும் என்று ஒரு தொகை, ஆள் நாங்களே பிடிக்கிறோம் என்று ஒரு வரி. தொலைவில் இருப்பவருக்குத் தடையாக இருப்பது பெரும்பாலும் ஆள் கிடைக்காததுதான். பதிலே இல்லாதவருக்கு ஊராட்சிக் கடிதத்தில் அதே செய்தி போகட்டும். கிராம சபைத் தீர்மானத்தின் தேதியையும் அதில் போடச் சொல்லுங்கள்.

தங்கும் விடுதிகளில் விருந்தாளிகளுக்காக மூட்டும் கேம்ப்ஃபயரை நிறுத்தச் சொன்னால் முகம் சுளிப்பார்கள். பிப்ரவரி முதல் மே வரை மட்டும் என்று கேளுங்கள். பக்கத்து விடுதி நிறுத்தினால் இவரும் நிறுத்துவார், ஆகவே எல்லோரையும் ஒரே நாளில் பாருங்கள்.

கோயில் கமிட்டியை மறந்துவிடாதீர்கள். பங்குனி, சித்திரைத் திருவிழா சரியாகத் தீக்காலத்தின் நடுவில் வருகிறது. வாணவேடிக்கையை நிறுத்து என்று போய் நின்றால் பேச்சு அத்தோடு முடிந்துவிடும். எந்தப் பக்கம் பார்த்து, எந்த மைதானத்தில், எத்தனை குடம் தண்ணீரோடு விடுவது என்று பேசுங்கள். திருவிழாவுக்கு நோட்டீஸ் அடிக்கும் முன் பேசுங்கள்.

8. தடுப்புக்கோடு வெட்டும் நாள்

ஊருக்கும் காட்டுக்கும் இடையே, பட்டா எல்லையில், மண் தெரியும்வரை சுரண்டிய பட்டை. பக்கத்துப் புல்லின் உயரத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு அகலம் என்பது ஒரு கணக்கு. ஒரு மீட்டர் புல்லுக்கு மூன்று மீட்டர் வைத்துக்கொள்ளுங்கள். இருக்கும் பாதை, ஓடை, உழுத வயல் இவற்றை இணைத்துக்கொண்டு போனால் வெட்டவேண்டிய நீளம் பாதியாகக் குறையும். புதியவர்கள் நேர்கோடு போட நினைத்து ஆட்களைக் களைக்க வைக்கிறார்கள்.

பைன் தோப்புக்குக் கீழே செல்லும் கோட்டில் காட்டுப் பக்கமாக ஒரு சிறு வாய்க்கால் எடுங்கள். எரியும் பைன் காய் சரிவில் உருண்டு வந்து கோட்டைத் தாண்டிவிடும். வாய்க்கால் இருந்தால் அதில் விழுந்து நிற்கும்.

சரிவு முழுக்கச் சுரண்டிவிடாதீர்கள். கோடையில் காப்பாற்றிய மேட்டை ஐப்பசி மழை இழுத்துக்கொண்டு போகும். பட்டைக்கு வெளியே புல்லைக் குட்டையாக வெட்டினால் போதும், வேர் இருக்கட்டும்.

9. தகவல் எப்படிப் போகும்

தீக்கென்று தனி வாட்ஸ்அப் குழு, அதில் எழுத மூன்று பேருக்கு மட்டும் அனுமதி. ஊர்ப் பொதுக்குழுவில் போட்டால் காலை வணக்கப் பூக்களுக்கு நடுவே செய்தி புதைந்துவிடும்.

சிக்னல் இல்லாத பள்ளங்களுக்குக் கோயில் குழாய் ஒலிபெருக்கியோ சர்ச் மணியோதான். எத்தனை முறை அடித்தால் என்ன பொருள் என்று பேசி வையுங்கள். மின்சாரம் போனாலும் வேலை செய்வது மணி ஒன்றுதான்.

தகவல் சொல்லும்போது நான்கு: எந்த இடம் (வரைபடப் பெயர்), புகை எந்தப் பக்கம் சாய்கிறது, பக்கத்தில் வீடு இருக்கிறதா, எந்தச் சாலையில் வரவேண்டும். வனக்காப்பாளருக்கு முதலில், அப்புறம் தீயணைப்புத் துறைக்கு 101, அவசர உதவிக்கு 112, காயம் என்றால் 108. இந்த எண்களைத் தாளில் எழுதி ரேஷன் கடையிலும் டீக்கடையிலும் ஒட்டுங்கள்.

10. ஒரு முறை ஒத்திகை

பிப்ரவரியில் ஒரு நாள், மதியம் இரண்டு மணிக்கு. காலைக் குளிரில் நடத்தும் ஒத்திகை யாருக்கும் எதையும் காட்டாது. தீ வலுப்பது நண்பகலிலிருந்து நாலு மணிவரை, அந்த நேரத்தில் ஊரில் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். ஆண்கள் தோட்டத்தில், பிள்ளைகள் பள்ளியில், வீட்டில் வயதானவர்களும் கைக்குழந்தைக்காரிகளும். உங்கள் திட்டத்தில் "இளைஞர்கள் வந்து தூக்குவார்கள்" என்று இருந்தால் அது அன்றே உடைந்துவிடும்.

கூடும் இடம் பள்ளி மைதானமாகவோ புதிதாக உழுத கேரட், உருளை வயலாகவோ இருக்கட்டும். வெறும் மண்ணில் எரிய ஒன்றுமில்லை. மணி அடித்ததிலிருந்து கடைசி ஆள் வந்து சேரும்வரை நேரம் பாருங்கள். மாடுகளை யார் அவிழ்த்துவிடுவது என்று அப்போதுதான் கேள்வி வரும். இதை முன்பே முடிவு செய்யாவிட்டால், மாட்டுக்காகத் திரும்பி ஓடுகிற ஆள் கட்டாயம் இருப்பார்.

11. தீ வரும் நாளில் யார் எங்கே

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில், மலையேறப் போனவர்கள் காய்ந்த புல் சரிவில் தீயில் சிக்கினார்கள். 23 பேர் இறந்தார்கள். மலைக்கிராமங்களில் எதையும் அலட்சியமாகப் பேசும் ஆள்கூட அந்தப் பெயரைச் சொன்னால் நின்று கேட்பார். இளவட்டங்களிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

ஊர்க்காரர் வேலை: பார்ப்பது, சொல்வது, ஆட்களை நகர்த்துவது, வழிகாட்டுவது, தண்ணீரும் சாப்பாடும் கொண்டுபோவது. தீக்கு முன்னால் நின்று அடிப்பது வனத்துறை ஆள் இருக்கும்போது, அவர் சொல்கிறபடி மட்டும். எதிர்த்தீ, அதாவது வரும் தீயின் எதிரே நாமே புல்லைக் கொளுத்துவது, உங்கள் வேலையே கிடையாது, எத்தனை பெரியவர் "அந்தக் காலத்துல" என்று ஆரம்பித்தாலும்.

பருத்தி உடை. நைலான், பாலியெஸ்டர் உருகித் தோலில் ஒட்டும். ரப்பர் செருப்பு வேண்டாம், ஷூ வேண்டும். ஒருவர் தீயை அடிக்காமல் காற்றையும் சரிவையும் மட்டும் பார்த்து நிற்கவேண்டும். தீக்கு மேலே, சரிவின் மேல்பக்கம் யாரும் போகக்கூடாது. மேல்நோக்கி ஓடி யாரும் தீயை முந்தமுடியாது. ஏற்கனவே எரிந்து ஆறிய கரித்தரை பாதுகாப்பானது; அங்கே போகும் வழி உள்ளே நுழையும் முன்பே கண்ணில் தெரியவேண்டும்.

மருந்து அடிக்கும் 16 லிட்டர் ஸ்பிரேயர் அநேகமாக எல்லாத் தோட்டத்திலும் இருக்கிறது. பெரிய தீக்கு அது ஒன்றும் செய்யாது. வீட்டைச் சுற்றி விழும் கங்குக்கும் அணைந்த இடத்தில் புகையும் கட்டைக்கும் அருமையான கருவி. பிப்ரவரியிலேயே நன்றாகக் கழுவி, தண்ணீர் நிரப்பி வையுங்கள். மருந்து மிச்சத்தோடு சூட்டில் அடித்தால் அந்த ஆவியை நீங்கள்தான் சுவாசிப்பீர்கள்.

12. அணைந்த பிறகு

புகை நின்றதும் ஆட்கள் வீட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள். சீகைக் கட்டையும் வேரும் உள்ளுக்குள் கனன்றுகொண்டே இருக்கும், மறுநாள் மதியக் காற்றில் மறுபடி எழும். எரிந்த இடத்தின் ஓரத்தைக் குறைந்தது இரண்டு நாள் முறைபோட்டுச் சுற்றிவர வேண்டும். இரவில் சுற்றினால் கங்கு கண்ணுக்குத் தெரியும், பகலில் தெரியாது. புறங்கையைக் கட்டைக்கு அருகில் கொண்டுபோய்ச் சூடு பாருங்கள். சூடு இருந்தால் கொத்தி, தண்ணீர் ஊற்றி, மண்ணோடு கலக்கவேண்டும். மேலே மண்ணை மட்டும் போட்டு மூடினால் அடியில் எரியும்.

கோடைமழை நன்றாக இரண்டு முறை பெய்ததும் நோட்டை எடுத்துக்கொண்டு வரைபடத்தின் முன்னால் உட்காருங்கள். எந்த இடத்தில் கோடு தாங்கியது, எந்தத் தகவல் எத்தனை மணிக்கு வந்தது, யார் வேலையை யார் செய்தார்கள், எந்தப் பைப் உருகியது. உருகிய பைப்புக்கு அந்த வாரமே வசூல் செய்து கொடுத்துவிடுங்கள். ஆவணி வரை இழுத்தால் கேட்பதற்கே அவருக்குக் கூச்சமாகிவிடும், அடுத்த வருடம் அந்த வீட்டிலிருந்து ஆள் வராது.

பெயர்ப் பட்டியலையும் அப்போதே திருத்துங்கள். வேலைக்கு வெளியூர் போனவர், கல்யாணமாகிப் போன பெண், எண் மாற்றியவர். தகவல் ஆட்கள் இருவரில் ஒருவரை மாற்றுங்கள், ஒருவர் அப்படியே இருக்கட்டும். புதியவருக்கு வரைபடத்தின் இடங்களைக் காட்ட மழைக்காலத்தில் நிறைய நேரம் இருக்கிறது, காலில் அட்டை ஏறும், அவ்வளவுதான்.